பாதியை மறைத்து அளந்த படம்

சூசை,

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. பம்பாயில் அச்சடித்தும் தமிழில் ஒரு பிழை இல்லை. அச்சுக்கோப்பவன் பக்கத்திலேயே நின்று பார்த்திருப்பாய். கூட வைத்திருந்த தாளில் மூன்றே வரி எழுதியிருந்தாய். பூசை காலையில், ரயிலடிக்கு நீயே வந்து நிற்பாய், நான் வருவேன் என்று நினைக்கிறாய். சண்டை போட்டுக்கொண்டு போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன் அப்பாவும் இப்படித்தான். கோபம் தணிந்தால் தணிந்துவிட்டது என்று சொல்லமாட்டார், காப்பி கேட்பார். அந்த மூன்று வரியையும் நான் பலமுறை படித்தேன். நீ மன்னித்துவிட்டாய் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ எதை மன்னித்தாயோ அது நான் செய்ததில் பாதிதான். மீதி உனக்குத் தெரியாது.

அதைச் சொல்லாமல் உன் பூசையில் முன்வரிசையில் வந்து உட்கார என்னால் முடியாது. ஆனால் இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் அல்ல. உன் கைக்கு இது வரும் வாரத்திலேயே இங்கே பத்திரிகையிலும் வரும். ஆசிரியர் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டுச் சங்கதியைத் தெருவில் கொண்டுபோய் வைக்கிறாளே என்று நீ கூசுவாய். ஏன் இப்படிச் செய்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். மற்றவர்களும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையும் நான் உனக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ பம்பாய்க்குப் போவதற்கு முன் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலையாக இருந்தாய். ராயபுரம் மாதா கோவில் திருவிழாவுக்குத் தேர் வருவதைச் சினிமாப் படமாகப் பிடிக்க வேண்டும் என்று உன் முதலாளி தன்னுடைய சாவி கொடுக்கும் காமிராவை உன்னிடம் தந்தார். கடிகாரத்துக்குப் போல அதற்குச் சாவி கொடுத்தால், உள்ளே இருக்கும் சுருள் அவிழ அவிழ ஃபிலிம் ஓடும். நீ ஸ்டுடியோ மாடி வராந்தாவில் முக்காலி போட்டு நின்றாய். எதிர்ச்சாரியில் அந்தப் பழைய கிடங்கு இருந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டு மாடி. கப்பலுக்குப் போக வேண்டிய வேர்க்கடலை மூட்டைகள் மேல்மாடி முழுக்க அடுக்கியிருந்தன. மழைக்கு முன்பே தெருப்பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருந்தது. தேர் கிடங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சுவரின் மேல்பகுதி இறங்கியது. ஜனங்கள் ஓடினார்கள். நீ விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. உள்ளே வேலையாக இருந்த மூட்டைக்காரர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

சுவர் விழுந்த மறுநாளே யார் குற்றம் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. வெடித்த சுவருக்கு முட்டுக் கொடுத்தவர் ஏகாம்பரம் மேஸ்திரி. தெருப்பக்கம் சாய்த்து நட்டிருந்த சவுக்குக் கட்டைகளில் ஒன்று தேருக்கு இடிக்கும் என்று கோவில்காரர்கள் சொன்னதால், திருவிழாவுக்கு முன்னால் அதை எடுத்தார். எடுத்ததை அவர் மறைக்கவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே உத்தரத்துக்கு அடியில் இரண்டு கட்டைகளை நிறுத்தி வைத்தேன், மேல்மாடியில் இனி மூட்டை ஏற்றாதீர்கள் என்று கிடங்கு முதலாளியிடம் சொன்னேன் என்றார். முதலாளி, உள்ளே கட்டை எதுவும் இல்லை, மேஸ்திரி முட்டுக்கட்டையை உருவினார், சுவர் விழுந்தது என்றார். இடிபாட்டில் எல்லாக் கட்டையும் நொறுங்கிக் கிடந்தது. எது எங்கே நின்றது என்று யார் சொல்ல முடியும்? பிழைத்த மூட்டைக்காரர்கள் அதே முதலாளியிடம் கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் உன் படம் இருப்பது விசாரணை அதிகாரிக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்தால் சுவர் விழுவது தெரிகிறது, ஏன் விழுந்தது என்பது தெரியவில்லை. பௌதிகம் படித்த யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டார். பெரிய கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் இதெல்லாம் தன் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டாராம். படம் எடுத்த பையனின் தாயே பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள் என்று யாரோ சொல்ல, என்னிடம் வந்தார்கள். மகன் எடுத்த படம், மகனுக்குப் பழக்கமான மேஸ்திரி. நான் ஒதுங்கியிருக்க வேண்டும். ஸ்டுடியோவில் இருட்டறை கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவர் உனக்குத் தோஸ்து, அவர் வீட்டில் நீ சாப்பிட்டிருக்கிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் விழாத கல்லுக்குக் கணக்குப் போட்டவள் நான். முதல் தடவையாக, விழுந்த ஒன்றைப் பற்றிக் கேட்கிறார்கள், அதுவும் ஒரு பெண்ணிடம் கேட்கிறார்கள். மகன் பக்கம் சாய்ந்தாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

நான் செய்த வேலை எளிதானது. எந்தப் பொருளும் தடையில்லாமல் விழுந்தால் அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் முப்பத்திரண்டு அடி கூடும். கல்லுக்கும் அதே, சுவருக்கும் அதே. சுவரின் மேல்பகுதி அந்த அளவுக்கு வேகம் பிடித்து இறங்கியிருந்தால், அடியில் அதைத் தாங்க ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அதைவிடக் குறைவாக இருந்தால், ஏதோ ஒன்று கடைசிவரை தாங்கிப் பார்த்து, நசுங்கி நசுங்கி வழிவிட்டிருக்கிறது என்று அர்த்தம். கல்லூரி இருட்டறையில் வெள்ளைச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, ஃபிலிமை ஒவ்வொரு படமாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரின் மூலை எங்கே இருக்கிறது என்று பென்சிலால் குறித்தேன். நிறுத்தி வைத்தால் விளக்குச் சூட்டில் ஃபிலிம் கருகும். அதற்காக நடுவில் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைத்தேன். அடி கணக்குக்காகப் பக்கத்துக் கட்டிடத்தின் கதவை நானே தெருவில் போய் நின்று அளந்தேன். காமிராவின் பக்கத்தில், நொடிக்குப் பதினாறு படம் என்று பொறித்திருந்தது. அதை மட்டும் நான் அளக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. முதல் நாள் அதிகாரியும் மற்றவர்களும் படத்தைப் பார்த்தபோது, தேரோடு போகிறவர்கள் குடுகுடுவென்று ஓடுவதைக் கண்டு சிரித்தார்கள். மாதாவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். சினிமாவில் மனிதர்கள் அப்படித்தான் ஓடுவார்கள் என்று நானும் சிரித்தேன். உன் அப்பா காலமான பிறகு கோவிலுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. திருவிழா, தேர், மாலை வீசுவது, மிளகும் உப்பும் இறைப்பது எல்லாம் எனக்கு அலுத்துப்போயிருந்தது. அளக்கும்போது கீழே அந்தக் கூட்டம் அசைந்துகொண்டே இருந்தது கண்ணை உறுத்தியது. கட்டிடம் மட்டும் தெரிந்தால் போதும் என்று, படத்தின் கீழ்ப்பாதி விழும் இடத்தில் கறுப்புக் காகிதத்தை ஒட்டி மறைத்தேன்.

முப்பத்தொன்றரை என்று விடை வந்தது. முப்பத்திரண்டுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததும் என் கை சுத்தமான கை என்று மகிழ்ந்தேன். அந்த விடைக்கு அடியில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று மாலை நீ கேட்டதும் சொன்னேன். நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாய்: "அந்த நேரம் சாவி இறங்கிட்டிருந்ததும்மா. தேர் தாண்டினதும் சாவி கொடுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள செவுரு அசைஞ்சுது. கையை எடுத்தா படம் நின்னுடும். பொட்டி தளர்ந்து ஓடறது எனக்குக் கையிலேயே தெரிஞ்சுது."

"கையில தெரிஞ்சதை நான் எப்படி எழுதறது?" என்று கேட்டேன். எவ்வளவு தளர்ந்தது, எந்த இடத்திலிருந்து தளர்ந்தது என்று அடுக்கினேன். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்கு மேஸ்திரி வேண்டியவர், அதனால் உன் கைக்கு அப்படித் தெரிகிறது என்றும் சொன்னேன். நீ எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, "உலகத்துல எல்லாரையும் சந்தேகப்படறீங்க. உங்களை மட்டும் விட்டுட்டீங்க" என்றாய். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பொய்யன் என்று நான் சொல்லவில்லை. அதைவிட மோசமாக, அவன் சொல்வது கணக்கில் சேராது என்று சொன்னேன்.

இது உனக்குப் புதிதல்ல. இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் காலையில் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று படுத்திருந்தாய். நான் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறாய் என்று எழுப்பி அனுப்பினேன். ரயில்வே ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் அப்பா, "நெத்தியில கையை வச்சுப் பாரேன்" என்றார். எதற்கு, கருவி இருக்கும்போது என்றேன். மத்தியானம் பள்ளிக்கூடத்து ஆயா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் அம்மை முத்து. தெர்மாமீட்டருக்குள் பாதரசம் இரண்டாக அறுந்து நின்றிருந்தது. அன்று நான் புதுத் தெர்மாமீட்டர் வாங்கினேன். வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

என் அறிக்கையை விசாரணையில் வாசித்தார்கள். சுவர் தடையின்றி விழுந்தது, அடியில் தாங்குவதற்கு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். அது போதுமாக இருந்தது. 'கணிதம் காட்டிய குற்றவாளி' என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டார்கள், என்னைப் புகழ்ந்து நாலு வரியும் எழுதினார்கள். மேஸ்திரியின் லைசென்ஸை ரத்து செய்தார்கள். செத்துப்போன மூட்டைக்காரர்களின் குடும்பங்கள் முதலாளியிடம் கேட்ட நஷ்டஈட்டுக்கு, குற்றம் மேஸ்திரியுடையது, அவரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. நீ ஒரு பெட்டியோடு பம்பாய்க்கு ரயிலேறினாய். வழியனுப்ப நான் வரவில்லை. சரியாகக் கணக்குப் போட்டதற்காக ஏன் தலைகுனிய வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதுவரை உனக்குத் தெரியும். நீ மன்னித்ததும் இதைத்தான்.

மறு வருஷம், விசாரணை முடிந்து என்னிடமே இருந்த அந்த ஃபிலிமை வகுப்பில் பாடமாக வைத்தேன். இரண்டு உயிர் போன சுவரைச் சின்னப் பெண்களிடம் அளக்கக் கொடுக்க மனமில்லை. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் காட்டினேன். சுவர் அசைவதற்குச் சற்று முன்னால், எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் தேரின் மேல் மாலை ஒன்றை வீசுகிறாள். அது குறி தப்பித் தெருவில் விழுகிறது. ஜாதிமல்லியில் நெருக்கிக் கட்டிய கனத்த மாலை, கல்லைப் போலத்தான் விழும். அதன் வேகம் எப்படிக் கூடுகிறது என்று கண்டுபிடியுங்கள் என்றேன். விடை எனக்கு முன்பே தெரியும். முப்பத்திரண்டு.

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தாளைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. ஒன்றுவிடாமல் சிவப்பு மையால் அடித்தேன். ஒருத்தியைப் பார்த்து எழுதி இன்னொருத்தி கெட்டிருக்கிறாள் என்று நினைத்து, தனித்தனியாக உட்கார வைத்து மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடி அதே விடை. பூமி இழுப்பதைவிட வேகமாக ஒரு மாலை விழுமா, யோசிக்க வேண்டாமா என்று அதட்டினேன். முன்வரிசையில் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ், நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்கள் என்றாள். அளந்தேன். ஐம்பத்தேழு.

சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் மறுபடி கணக்குப் போட்டேன். மாலை அவ்வளவு வேகமாக விழ முடியாது. எனவே நேரம் தவறு. காமிரா நொடிக்குப் பதினாறு படம் எடுக்கவில்லை, பன்னிரண்டுக்கு இறங்கியிருந்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நான் நினைத்ததைவிட அதிக நேரம் போயிருக்கிறது. அந்த நேரத்தை நான் விழுங்கிவிட்டேன், அதனால் மெதுவாக இறங்கியது எல்லாம் வேகமாகத் தெரிந்தது. தேரோடு போனவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள். உன் கை சொன்னதைத்தான் அந்த மாலையும் சொன்னது, குடுகுடுவென்று போன கூட்டமும் சொன்னது. நான் அதன்மேல் காகிதம் ஒட்டியிருந்தேன். சுவருக்கு மறுபடி கணக்குப் போட்டால் முப்பத்தொன்றரை இல்லை, பதினெட்டுக்குக் கீழே. அடியில் ஏதோ நின்றிருக்கிறது. மேலே இருந்த பாரத்தைத் தாங்க முடியாமல் நசுங்கியிருக்கிறது. மேஸ்திரி உள்ளே கட்டை வைத்தேன் என்றாரே, அதற்கு ஒத்துப்போகிறது. அதற்குமேல் கணக்கு எதுவும் சொல்லாது. ஆனால் ஒன்றும் இல்லை என்று நான் எழுதியது பொய்.

சூசை, உனக்குத் தெரியாத பாதி இனிமேல்தான். பெண்களின் தாள்களைத் திருத்தி முழு மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். படத்தில் நேரக்கணக்கு தவறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சுவருக்கு நான் போட்ட கணக்கும் அதே நேரத்தை வைத்துத்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதோடு ஃபிலிமைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மழைக்காலம் போயிற்று, பொங்கல் போயிற்று, வெயில் வந்தது. தினமும் நாளைக்கு என்று சொல்லிக்கொண்டேன். ஒதுங்கிய பேராசிரியர் சிரிப்பார் என்று நினைத்தேன். பொம்பளைக் கணக்கு என்பார்கள், இனி ஒரு பெண்ணை எதற்கும் கூப்பிடமாட்டார்கள், என் மாணவிகளுக்குத்தான் நஷ்டம் என்று நினைத்தேன். என் கோழைத்தனத்துக்கு எத்தனை நல்ல காரணங்கள் கிடைத்தன என்று பார். கணக்குத் தவறியதற்கு நான் அவ்வளவு வெட்கப்படவில்லை, கணக்கு யாருக்கும் தவறும். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். உன் மூன்று வரி வராமல் இருந்திருந்தால் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

உன் கல்யாணப் பத்திரிகை வந்த மறுநாள் விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, முடிந்துபோன விஷயம், மறுபடி திறக்க மேலிடம் சம்மதிக்காது, உங்கள் பேர்தான் கெடும் என்றார். வெளியே வரும்போது எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு திருவொற்றியூருக்குப் போனேன். மேஸ்திரி குடும்பம் ராயபுரத்து வீட்டை விட்டு அங்கே போய்விட்டது. கடலோரக் குப்பத்துக்குப் பின்னால் ஓலை வீடு. அவர் இப்போது ஒரு தொழிற்சாலைக் கட்டிட வேலையில் செங்கல் உடைத்து ஜல்லி போடுகிறார். என்னைக் கண்டதும் எழுந்து, தோளில் இருந்த துண்டால் பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார். உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். கல்யாணம் என்றதும் முகம் மலர்ந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன், கணக்கையும் விளக்கினேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"அது இன்னா கணக்கோ, எனக்கு வாணாம் டீச்சரம்மா. நான் கட்டைய வச்சனா இல்லையா, அத சொல்லு."

ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது என்றேன்.

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "படிச்சவங்க எழுதிட்டாங்களேன்னு எனக்கே டவுட்டு வந்துட்ச்சிம்மா. கட்டைய நெறுத்தனமே, ஆப்பு அடிச்சமேன்னு ஒருக்கா தோணும். இல்ல, நெனப்புல மட்டும் பண்ணிட்டு வந்துட்டனோன்னு ஒருக்கா தோணும். செத்துப்போன ரெண்டு பேரும் கண்ணுல வந்து நிப்பாங்க. பைத்தியம் புட்ச்சவன் மாதிரி கெடந்தேன்."

நான் அவருடைய லைசென்ஸைப் பறித்தேன், வீட்டைப் பறித்தேன் என்று எண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன். தன் கையால் செய்த வேலையின் நினைவையே பறித்திருக்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவி பவுனம்மா வந்து நின்றாள். அவள் என்னை வா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஊரக் கூட்டிவச்சி சொன்ன. பேப்பர்ல போட்டுகின. தப்புன்றத மட்டும் கதவ சாத்திகினு எங்க வூட்டுக்குள்ள வந்து சொல்றியா? எங்களுக்குத்தான் முன்னமே தெரியுமே, நீ எதுக்கு வந்து சொல்ற?"

மேஸ்திரி அவளை அதட்டினார். அதட்ட வேண்டாம், அவர் மனைவி சொல்வது சரி என்றேன். இந்தக் கடிதம் ஏன் பத்திரிகையில் வருகிறது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். கணக்கு முழுவதையும் தனித்தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். ஃபிலிமும் அங்கே இருக்கும். யார் வேண்டுமானாலும் போய் மாலையை அளக்கலாம், சுவரை அளக்கலாம், என்னையும் அளக்கலாம். செத்தவர்களின் குடும்பம் மறுபடி வழக்குப் போட்டால் உதவும் என்று ஒரு வக்கீலிடம் வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளும் பிள்ளைக்குத் தாய் புத்திமதி சொல்ல வேண்டுமாம். எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் மனைவி ஏதாவது ஒன்றை 'எனக்குத் தெரிகிறது' என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று உடனே கேட்காதே. கேட்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் நெற்றியில் கையை வைத்துப் பார். நீயும் தவறுவாய். தவறு என்று தெரிந்த அன்றே சொல்லிவிடு. மறுநாளைக்கு வைத்தால் சொல்லாமல் இருப்பதற்கு உனக்கும் நல்ல காரணங்கள் கிடைத்துவிடும். உன் படிப்பு என்னுடையதைவிடக் குறைவு என்று நான் பல தடவை குத்திக்காட்டியிருக்கிறேன். அதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். கன்னியம்மா. செத்த மூட்டைக்காரர்களில் ஒருவருடைய மனைவி. புருஷன் போன பிறகு காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து திருவொற்றியூர் வரை விற்கிறாள். போகும்போதெல்லாம் மேஸ்திரி வீட்டு வாசலில் கூடையை இறக்கிவைத்து, மண்ணை வாரித் தூற்றிவிட்டு, ஒரு பேச்சும் பேசாமல் போவாளாம். பவுனம்மா கூட்டுவதை விட்டுவிட்டாள். இதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுநாளும் அங்கே போய்க் காத்திருந்தேன். கன்னியம்மா வந்தாள், கூடையை இறக்கினாள், குனிந்து மண்ணை அள்ளினாள். நான் தெருவில் இறங்கி, அவள் பிடித்த மண் விழ வேண்டிய வாசல் இது இல்லை என்றேன். யார் நீ என்றாள். சொன்னேன். கணக்கைச் சொல்லவில்லை. மேஸ்திரி உள்ளே கட்டை வைத்திருந்தார், இல்லை என்று எழுதியவள் நான், நான் எழுதியது தப்பு, உனக்கு நஷ்டஈடு இல்லாமல் போனதும் அதனால்தான் என்று சொன்னேன். பக்கத்து வீடுகளிலிருந்து வந்து நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவள் மண்ணைக் கீழே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நான் யாரு வூட்டாண்ட போயி இத தூத்தறது? அதையும் நீயே கணக்குப் போட்டு சொல்லு."

மேல்மாடியில் மூட்டை ஏற்றியவர் கிடங்கு முதலாளி என்றேன். அங்கே கேட்டில் காவல்காரன் நிற்கிறான், கிட்டக்கூட விடமாட்டான் என்றாள். நம் தெருவின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மண்ணைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு, கூடையைத் தலையில் தூக்கிவைக்கச் சொன்னாள். தூக்கிவைத்தேன்.

நேற்றுக் காலையில் நம் வாசலில் மண் கிடந்தது. வேலைக்காரி விளக்குமாற்றை எடுத்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதையெல்லாம் படித்த பிறகும் நான் பூசைக்கு வரலாம் என்றால் ஒரு வரி எழுது, வருகிறேன். எழுதாவிட்டால் உன்மேல் எனக்குக் குறை இல்லை. என்றைக்காவது உன் மனைவியை இந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவாய். அன்றும் வாசலில் மண் கிடந்தால், புதுப்பெண் மிதிக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். நீ அவளைத் தாண்டச் சொல்லாதே. அது எதனால் அங்கே கிடக்கிறது என்று அவளிடம் சொல்லி, இரண்டு பேரும் மிதித்துக்கொண்டே உள்ளே வாருங்கள்.